மெட்டுக்குச் சொந்தக்காரன்

தாழிக்குட்டையின் கரையில் ஒரு மருத மரம் நின்றது. அதன் உச்சியில் ஓர் இரட்டைவால் குருவி குடியிருந்தது. கரிச்சான் என்றும் அதைச் சொல்வார்கள். உடம்பு கைப்பிடி அளவு. தலைக்கனம் மரத்தின் அளவு.

அந்தக் குருவி வேறு யாருமில்லை, நான்தான். என் பெயர் வாலழகன். பெயரையும் நானே வைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரிச்சான்கள் மற்றவர் குரலில் கத்துவதில் கெட்டிக்காரர்கள். பருந்து மாதிரி கத்துவோம். பூனை மாதிரி கத்துவோம். ஒரு மைனா கஷ்டப்பட்டு வெட்டுக்கிளி பிடித்திருக்கும். நான் பின்னால் போய்ப் பருந்துக் குரலில் "கீஈஈ!" என்பேன். மைனா வெட்டுக்கிளியைப் போட்டுவிட்டுப் பறக்கும். அதை நான் தின்பேன். இப்படி ஊரார் குரலில் வயிறு வளர்த்த நான்தான், ஒருநாள் "என் பாட்டைத் திருடிவிட்டார்கள்!" என்று வழக்குப் போட்டேன்.

கோடை தொடங்கிய நேரம். என் மனைவி மையம்மை கூட்டில் மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு விடியற்காலையில் நான் கண் விழித்தபோது மனசுக்குள் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல ஏறி, ஒரு நொடி நின்று, சறுக்கிக்கொண்டு இறங்கும் மெட்டு. உடனே அதற்குச் சொல் கட்டினேன். என்னைப் பற்றித்தான்.

"வாலோ இரண்டாச்சு, வானே எனதாச்சு,
எட்டிப் பிடிப்பாரார் காட்டினிலே!"

பாடி முடித்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். "எப்படி இருக்கு?"

"மெட்டு நல்லா இருக்கு. சொல்லுதான் சுமார்," என்றாள் மையம்மை.

"மெட்டு நான் கட்டினதாக்கும்!"

"நீங்களா? கீழே பாறைப் பொந்துல கரடியக்கா தினமும் விடியறப்போ குட்டியைத் தூங்க வைக்கிறாங்களே, அந்தப் பாட்டு மாதிரியே இருக்கு?"

"உனக்குக் காது சரியில்லை! முட்டை மேல உட்கார்ந்து உட்கார்ந்து சூடு தலைக்கு ஏறிப்போச்சு!"

மையம்மை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதுதான் அவள் எனக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

அன்று மாலை குட்டையின் பக்கம் பூச்சி பிடிக்கப் போனேன். தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் ஒரு பாய் அளவுக்குச் சேறு கலந்து கிடந்தது. அதைச் சுற்றித் தவளைகள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தன.

"மேகக் கரும்பானை மெல்லக் கவிழாயோ,
மெத்த வறண்டோமே குட்டையிலே!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சொல் வேறு. ஆனால் மெட்டு? என் மெட்டு! ஏறி, நின்று, சறுக்கி இறங்குகிற அதே மெட்டு!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

தவளைகளின் தலைவன் வாயாண்டி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "என்ன சாமி?"

"இது என் மெட்டு! இன்னைக்குக் காலையிலதான் கட்டினேன்!"

"அப்படிங்களா? நாங்க இதை வச்சுத்தான் வருஷா வருஷம் மழை கேக்கிறோம்."

"யாரைக் கேட்டுப் பாடுறீங்க?"

"மேகத்தைத்தான் கேக்கிறோம்!" என்றான் வாயாண்டி. அவன் கேலி பேசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டான். மற்ற தவளைகள் வயிறு குலுங்கச் சிரித்தன. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

மறுநாள் விடியலில் பாறைப் பொந்தின் வாசலில் போய் நின்றேன். உள்ளே கரடி மூக்காயி, இரவெல்லாம் அலைந்துவிட்டு வந்து, குட்டியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தேனும் கிழங்கோடு தேடிக் கொணர்ந்தேனே,
செல்லக் கரும்பஞ்சே கண்ணசரு!"

அதே மெட்டு!

"அக்கா! இது என்னோடது!"

மூக்காயி பயந்துபோய்க் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் பிள்ளையா?"

"இல்லை, மெட்டு!"

"அடச்சீ, மெட்டா! நான் பயந்தே போயிட்டேன். சத்தம் போடாதே தம்பி, இப்பத்தான் கண்ணை மூடினான்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதே வாரத்தில் யானைக் கூட்டம் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி வந்தது. தலைவி பெயர் முன்னத்தி. கிழவி. எப்போதும் முன்னால் நடப்பவள். குட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் போன வருஷம் செத்த ஒரு யானையின் எலும்புகள் கிடந்தன. கூட்டம் அங்கே நின்றது. ஒவ்வொரு யானையும் துதிக்கையால் எலும்பைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து மெல்லப் பாடின. என்ன சொல்லிப் பாடின என்று நான் கவனிக்கவில்லை. நான் கவனித்தது மெட்டை மட்டும்தான். அதுவும் என்னுடையது!

இனிமேல் பொறுப்பதா? நேராகக் காட்டெருமை திமிலாண்டியிடம் போனேன். இந்தக் காட்டில் யாருக்கு என்ன தகராறு வந்தாலும் தீர்த்து வைப்பவர் அவர்தான். எதையும் அசைபோட்டுத்தான் முடிவு சொல்வார். அசைபோட அரைநாள் ஆகும்.

நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். தவளைகள் வந்தன. கரடி குட்டியோடு வந்தாள். யானைகள் வந்தன. யாரும் அழைக்காத முள்ளம்பன்றியும் வேடிக்கை பார்க்க வந்தது.

"ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. இந்த மெட்டு யாரோடது?" என்று கேட்டார் திமிலாண்டி.

வாயாண்டி தத்தி முன்னால் வந்தான். "எங்களோடதுன்னு சொல்ல முடியாதுங்க. எங்க அப்பன் பாடினான், பாட்டன் பாடினான். யானைங்க தண்ணி குடிக்க வந்தப்போ கேட்டிருப்பாங்க."

"யானைகள் என்ன சொல்றீங்க?"

முன்னத்தி காதை அசைத்தாள். "எங்க முன்னோர் பள்ளத்துல இறங்கி வந்தப்போ காதுல விழுந்ததுன்னு சொல்லுவாங்க. கரடி தாலாட்டாக்கூட இருக்கலாம்."

"மூக்காயி, நீ சொல்லு."

"எங்க அம்மா எனக்குப் பாடினா. அவ எங்கே கேட்டாளோ! மழைக்காலத்துல பொறந்தவ. தவளைங்க சத்தத்துல வளர்ந்தவ."

எல்லாரும் சிரித்தார்கள். திமிலாண்டி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "என்னோடது! முழுக்க முழுக்க என்னோடது! யாரிடமும் கேட்கலை, யாரும் சொல்லித் தரலை! என் தலைக்குள்ளேயே முளைச்சது!"

கூட்டம் வாயைப் பிளந்தது. என் திறமையைக் கண்டுதான் என்று அப்போது நினைத்தேன்.

திமிலாண்டி அசைபோட்டார். நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் வரை அசைபோட்டார். பிறகு சொன்னார்.

"தவளை, எங்களோடது இல்லைங்குது. யானை, எங்களோடது இல்லைங்குது. கரடியும் அப்படியே. எனதுன்னு சொல்றது இவன் ஒருத்தன்தான். மறுத்துப் பேச ஆளில்லை. அதனால மெட்டு இவனுக்கே! இவன் அனுமதி இல்லாம இனி யாரும் பாடக் கூடாது."

நான் மூன்று குட்டிக்கரணம் போட்டேன், ஆகாயத்தில்.

"வாலழகா," என்றார் திமிலாண்டி. "ஒரு மெட்டைத் தனியா வச்சுக் காப்பாத்துறது எப்படின்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கும். பத்திரமா வச்சுக்கோ."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எல்லாமே எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

முன்னத்தி போகும்போது என் கிளைக்கு அருகில் நின்றாள். "சின்ன உடம்புக்குள்ள இவ்வளவு பெரிய ஆசையை எப்படிப்பா சுமக்கிறே?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அக்கறையாகக் கேட்டாள்.

வழக்கில் வென்றவுடன் என் வாழ்க்கை சுகமாகும் என்று நினைத்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, ஒரு மெட்டுக்குச் சொந்தக்காரனாக இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று! விடிந்தால் கரடிப் பொந்துக்குப் போக வேண்டும். யாராவது பாடுகிறார்களா என்று காது வைக்க வேண்டும். அங்கிருந்து குட்டைக்கு. குட்டையிலிருந்து மேட்டுக் காட்டுக்கு. மறுபடி பொந்துக்கு. பூச்சி பிடிக்கவே நேரமில்லை. இறக்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது.

ஒருநாள் மூக்காயியைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"அக்கா! பாடினீங்களே!"

"வாயை மூடிக்கிட்டு முனகினேன் தம்பி. முனகலும் உன்னோடதா?"

"மெட்டோட முனகினா என்னோடதுதான்!"

"மெட்டு இல்லாம எப்படிப்பா தூங்க வைக்கிறது? நாலு நாளாப் பிள்ளை தூங்கலை. நானும் தூங்கலை. புத்துல கையை விட்டா எறும்பு கடிக்கிறதுகூடத் தெரியலை."

"வேற மெட்டுல பாடுங்க!"

அவள் பாவம், எனக்கு முன்னாலேயே முயற்சி செய்தாள். அதே சொல்லை மெட்டில்லாமல் சொல்லிப் பார்த்தாள். "தேனும் கிழங்கோடு தேடிக் கொணர்ந்தேனே." கேட்பதற்கு, சந்தைக்குப் போய் வந்தவள் கணக்குச் சொல்வது போல் இருந்தது. குட்டி எழுந்து உட்கார்ந்து, "எங்கே தேன்?" என்று கேட்டது.

தவளைகள் பாடும் நேரத்துக்கு வட்டமாகக் கூடின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. வாயாண்டி, "மேகமே, கவிழ். வறண்டோம்," என்று வெறுமனே சொன்னான். மற்றவை, "ஆமாம்," என்றன. பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாட்டுக்கு மழை வருமா வராதா, எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டு இருந்த வரைக்கும் தவளைகளால் காத்திருக்க முடிந்தது. பாட்டு போனதும் அதுவும் போயிற்று. நாற்பது தவளைகள் வேறு தண்ணீரைத் தேடி வெயிலில் பாறை தாண்டிப் புறப்பட்டன. அதில் ஒன்பதுதான் திரும்பி வந்தன. அதை நான் கிளையில் இருந்தபடியே பார்த்தேன். "என் மெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

இதற்கிடையில் என் முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். மையம்மை தனியாகவே பூச்சி பிடித்து, தனியாகவே ஊட்டினாள்.

"கொஞ்சம் வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டா என்ன?" என்று கேட்டாள்.

"மெட்டைப் பார்த்துக்கணுமே!"

"அது அழுவுதா? பசிக்குதுன்னு வாயைத் திறக்குதா?"

அவளுக்கு இசை ஞானம் போதாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு நான் காவலுக்குப் பறந்தேன்.

யாரும் பாடாத காட்டில் நான் ஒருவனே பாடினேன். வெறுமனே பாடினால் போதுமா? சொந்தச் சொத்து அல்லவா! அலங்காரம் செய்தேன். ஏறுகிற இடத்தில் பருந்துக் குரலைச் செருகினேன். நிற்கிற இடத்தில் மைனாவின் கரகரப்பை வைத்தேன். சறுக்குகிற இடத்தில் பூனை. நாளுக்கு ஒரு வளைவு, வேளைக்கு ஒரு திருப்பம். கேட்பவர் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்பவரே யாரும் இல்லை.

அப்போதுதான் முன்னத்தி இறந்தாள்.

குட்டைக்கு வரும் வழியில், வேங்கை மரத்தடியில், நடந்துகொண்டிருந்தவள் மெல்ல முன்னங்காலை மடித்தாள். அப்படியே சாய்ந்தாள். எழுந்திருக்கவில்லை. யானைகள் அவளைச் சுற்றி நின்றன. செத்தவரைப் பாடி, உடம்பின் மேல் இலையும் கிளையும் போட்டு மூடிவிட்டுத்தான் அவை அந்த இடத்தை விட்டுப் போகும். பாடாமல் போகத் தெரியாது. தீர்ப்பு இருக்கிறது, பாடவும் கூடாது. அதனால் நின்றன. ஒரு பகல் முழுவதும் நின்றன. தண்ணீர் இருப்பது அரைநாள் நடை தூரத்து ஆற்றில். கூட்டத்தில் பால்குடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. அது வெயிலில் தள்ளாடித் தாயின் காலில் சாய்ந்து நின்றது.

மறுநாள் காலையில் முன்னத்தியின் மகள் அழகம்மை என் மரத்தடிக்கு வந்தாள். என்னைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியவள். ஒரு தள்ளு தள்ளினால் மரமும் நானும் கூடும் போயிருப்போம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"தம்பி, அம்மா போயிட்டாங்க. ஒரே ஒரு தடவை பாடிக்கிறோம். பாடிட்டு விட்டுடறோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே வாய் கூசுகிறது. "யோசிச்சுச் சொல்றேன். நாளைக்கு வாங்க," என்றேன்.

அழகம்மை திரும்பி நடந்தாள்.

கூட்டிலிருந்து மையம்மை எட்டிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பதில் பேசாமல் எனக்கு உபகாரம் செய்தவள் அன்றைக்குப் பேசினாள்.

"உங்க அம்மா செத்தப்போ நீங்க அழறதுக்கு யார்கிட்டே அனுமதி கேட்டீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். வெட்டுக்கிளி தேடப் போய்விட்டாள்.

ஆனாலும் பாருங்கள், அப்போதும் என் புத்தி நேராகப் போகவில்லை. 'பாடிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் முடிந்தது. அதை விட்டு, 'மெட்டின் சொந்தக்காரனே போய்ப் பாடினால் கிழவிக்கு எவ்வளவு மரியாதை!' என்று நினைத்தேன். அழகம்மையின் பின்னாலேயே பறந்தேன்.

"நானே பாடறேன்!" என்று அறிவித்துவிட்டு வேங்கைக் கிளையில் உட்கார்ந்தேன். யானைகள் நிமிர்ந்து பார்த்தன. செய்தி கேட்டு மூக்காயி குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மிச்சமிருந்த தவளைகள் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தன. நான் தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தேன்.

"வாலோ இரண்டாச்சு, வானே எனதாச்சு..."

எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்! யானைகள் எலும்பைத் தொட்டுப் பாடியபோது நான் சொல்லைக் கேட்டேனா? செத்துக் கிடப்பவளின் தலைமாட்டில் என் வால் புராணம்! பால்குடிக் குட்டி என் வாலைப் பார்த்தது.

சட்டென்று நிறுத்தினேன். சரி, சொல் வேண்டாம், மெட்டை மட்டும் பாடுவோம் என்று தொடங்கினேன். ஏறுகிற இடத்தில் பருந்து வந்தது. யானைக்குட்டி பயந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்தது. பருந்தை விலக்கிப் பாடினேன். மைனா வந்தது. மைனாவைத் துரத்தினேன். பூனை வந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு உள்ளே தேடினேன். மெட்டு எங்கே? ஏறும் என்று தெரியும். எவ்வளவு ஏறும்? நிற்கும். எங்கே நிற்கும்? இறங்கி எப்படி முடியும்?

ஒன்றும் இல்லை. என்னிடம் ஒன்றுமே இல்லை. தினமும் பத்து வாய் பாடிக்கொண்டிருந்தவரை அது என் காதில் விழுந்து விழுந்து நேராகவே இருந்தது. நான் எல்லா வாயையும் அடைத்துவிட்டேன். தனியாக என்னிடம் இருந்ததை நானே கீறிக் கீறிக் கெடுத்துவிட்டேன்.

அலகைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அப்போது மூக்காயி முனகத் தொடங்கினாள். குட்டியின் முதுகைத் தட்டிக்கொண்டே, தன்னை அறியாமல் முனகினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "பாடுங்க அக்கா," என்றேன். குரல் வெளியே வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"தேனும் கிழங்கோடு தேடிக் கொணர்ந்தேனே..." என்று பாடினாள்.

இரண்டாவது அடியைத் தவளைகள் பிடித்துக்கொண்டன. "மெத்த வறண்டோமே குட்டையிலே..."

இவர்கள் பாடி முடித்த இடத்தில் அழகம்மை தொடங்கினாள். அவளோடு கூட்டம் முழுவதும் சேர்ந்தது.

"முன்னே அடிவைத்துப் பாதை வகுத்தாயே,
பின்னே வருவோர்க்கு யார்துணையோ!"

அப்போதுதான் அந்தச் சொல்லை முதல் முறையாகக் கேட்டேன். சின்ன உடம்பு பெரிய ஆசையைச் சுமக்கிறதே என்று எனக்காகக் கவலைப்பட்டவள் கீழே கிடந்தாள். அவளுக்காக ஒரு வரிகூடப் பாடத் தெரியாதவன் மேலே உட்கார்ந்திருந்தேன். நானும் மெல்லச் சேர்ந்துகொண்டேன். பருந்து இல்லை, மைனா இல்லை. கூட்டத்தின் குரல் ஏறியபோது ஏறினேன். நின்றபோது நின்றேன். அது இறங்கிய இடத்தில் இறங்கி, அழுதேன்.

பாடி முடித்தார்கள். கிளைகளை ஒடித்து உடம்பின் மேல் போட்டார்கள். பிறகு கூட்டம் ஆற்றைப் பார்த்து நடந்தது. குட்டியை இரண்டு பெரிய யானைகள் நடுவில் விட்டு அணைத்துக்கொண்டு போயின. அன்று சாயங்காலம் அது ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று குடித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போகும்போது அழகம்மை என் கிளையருகில் நின்றாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி," என்றாள். திட்டியிருக்கலாம். அந்த நன்றி இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

நேராகத் திமிலாண்டியிடம் போனேன். அவர் புல் மேய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, மெட்டைத் திருப்பிக் கொடுத்துடறேன்!"

"யார்கிட்டே கொடுக்கப்போறே?"

"எல்லார்கிட்டேயும்!"

"அவங்ககிட்டதான் ஏற்கனவே இருக்கே!" என்றார். இந்தத் தடவை அசைபோடவே இல்லை. "இல்லாதது உன்கிட்டதான். போய் வாங்கிக்கோ!"

வாங்கப் போனேன். குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, வாலோடு தத்தும் குட்டித் தவளைகளுடன் சேர்ந்து பாடம் கேட்டேன். "மாமா, அங்கே ஏறக் கூடாது!" என்று அவை என்னைத் திருத்தின. "மாமா, பூனை வந்துடுச்சு!" என்று சிரித்து உருண்டன. முப்பத்தோரு இடம் காலியாகக் கிடந்த அந்த வட்டத்தில், என்னையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான் வாயாண்டி. அவன் ஒரு வார்த்தையும் சொல்லிக் காட்டவில்லை.

சில நாளில் மழை வந்தது. தங்கள் பாட்டுக்குத்தான் வந்தது என்றன தவளைகள். நானும் கூடப் பாடினேனே, கொஞ்சம் பங்கு கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை. நான் அந்த அளவுக்குத் திருந்தியிருந்தேன். அதற்கு மேல் திருந்தினேனா என்று மையம்மையைத்தான் கேட்க வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில் என் குஞ்சுகள் கூட்டிலிருந்து கிளைக்குத் தத்தி வந்தன. நடுக்குஞ்சு நெஞ்சை நிமிர்த்தியது. அப்பனைப் போலவே நிமிர்த்தியது. கரடி மெட்டில், தவளை மெட்டில், யானை மெட்டில், ஒரு பிசகும் இல்லாமல் பாடியது. சொல் மட்டும் புதுசு.

"அப்பன் வழக்காடி மெட்டைச் செயிச்சாரே,
பாதி மறந்தாரே பாட்டினிலே!"

மையம்மை சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து வழுக்கிவிட்டாள். மதியத்துக்குள் தவளைகள் அதைப் பாடின. மாலைக்குள் முள்ளம்பன்றி பாடியது. இப்போது காடு முழுவதும் பாடுகிறது. தூங்காத குட்டிக்குக் கரடியக்காகூட இதைத்தான் பாடுகிறாளாம். நானும் சேர்ந்து பாடுகிறேன். பாட்டுக்கு நடுவில் மறந்தவன் நானல்லவா, யாராவது தப்பாகப் பாடினால் திருத்துவதும் நானே!

பலர் பாடிப் பாடி வளர்த்த பாட்டை எனக்கு மட்டும் என்று பூட்டி வைப்பவன், மற்ற எல்லாரையும்விட முதலில் தானே அதை இழந்து நிற்பான்.